ஃபோர் வீல் டிரைவை சும்மா போட்டு வைக்காதீங்க
டிரக்குல ஃபோர் வீல் டிரைவ் (நாலு வீலுக்கும் இன்ஜின் பவர் போறது) இருக்குன்னு வாங்கிட்டு வருஷக்கணக்கா டூ வீல்லயே ஓட்டுறவங்க நிறைய, அப்புறம் சேத்துல மாட்டுற அன்னிக்கு லிவரைப் போட்டா எங்கேஜே ஆகாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (பவரை முன் பின் வீலுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற கியர் பெட்டி), முன்பக்க டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) எல்லாம் சுத்தினாதான் உள்ள ஆயில் எல்லா இடத்துக்கும் போகும், சீல் காயாம இருக்கும், ஃபோர் வீலை மாத்திவிடுற லிங்கேஜும் ஆக்சுவேட்டரும் இறுகாது. அதனால மாசம் ஒரு தடவையாவது 4ஹெச் (ஃபோர் வீல், சாதாரண வேகத்துக்கு) போட்டு ஒரு 15 கிலோமீட்டர் ஓட்டுங்க.

ஆனா பார்ட் டைம் சிஸ்டம்னா (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுற வகை) காஞ்ச தார் ரோட்டுல வேண்டவே வேண்டாம், முன் பின் அச்சுக்கு நடுவுல சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாததால திரும்பும்போது முன் பின் வீல் வேற வேற வேகத்துல சுத்த முடியாம மொத்த டிரைவ்லைனும் முறுக்கிக்கும், செலவு பெருசு. மண் ரோடு, சரளை, ஈரமான புல்தரை, இதுல எதுவா இருந்தாலும் சரி. 4எல்லையும் (ஃபோர் வீல், குறைஞ்ச வேகம், அதிக இழுவை) மறக்காதீங்க, பல பேர் விடுறது இதைத்தான். வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சு மாத்துங்க, மெதுவா கொஞ்ச தூரம் போனா போதும். திரும்ப 2ஹெச் (டூ வீல்) போட்டும் டேஷ்போர்டுல ஃபோர் வீல் லைட் அணையலன்னா நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, பெரும்பாலும் விட்டுடும்.