முகவரி ஸ்டிக்கர்: தவறு பிரிண்டரில் தொடங்குவதில்லை

ஸ்டிக்கர் கோணலாக வந்தால் உடனே பிரிண்டரைத் திட்டுகிறோம். சந்தாதாரர்களுக்கு மாதாமாதம் இதழ் அனுப்பும் சிறிய அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவன் நான். கோணலான ஸ்டிக்கரைக்கூடத் தபால்காரர் படித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். நேராக, அழகாக, தப்பான முகவரியோடு வரும் ஸ்டிக்கர்தான் எனக்குப் பயம். அந்தத் தப்பு, முகவரிப் பட்டியலை வைத்திருக்கும் எக்ஸெல்லில் உருவாகிறது.

கதவு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 3/5, 12/4 என்பதெல்லாம் நம் தெருக்களில் சாதாரணம். தனிக் கட்டத்தில் 12/4 என்று தட்டினால் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு 12-ஏப்ரல் என மாற்றிவிடும். பிறகு அந்தக் கட்டத்தின் வடிவத்தை டெக்ஸ்ட் (வெறும் எழுத்து) ஆக்கினாலும் பழையது திரும்பாது. சம்பந்தமே இல்லாத ஐந்திலக்க எண் ஒன்று வந்து நிற்கும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தி (column) முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். பின்கோடு பத்திக்கும் இதையே செய்யுங்கள். இந்தியப் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்காது, சரி. ஆனால் கொழும்பு வாசகர் ஒருவரின் 00100 வெறும் 100 ஆகிவிடும். சிங்கப்பூரிலும் பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் உண்டு.

இதைவிட மோசமானது சார்ட் (sort), அதாவது பட்டியலை வரிசையாக அடுக்குவது. பின்கோடு வரிசையில் அடுக்கலாம் என்று அந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால், பின்கோடுகள் மட்டும் இடம் மாறிவிடலாம். பெயரும் தெருவும் அப்படியே நிற்கும். ஒரு மாதம் எங்களுக்கு இது நடந்தது. கட்டுக்கட்டாக இதழ்கள் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அட்டவணை முழுவதையும் சேர்த்தே அடுக்குங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டில் மெயில் மெர்ஜ் செய்யும்போது, அதாவது எக்ஸெல் பட்டியலின் முகவரிகளை ஸ்டிக்கர்களில் தானாக நிரப்பும்போது, 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த மறந்தால் ஸ்டிக்கர் ஷீட்டுக்கு ஒரு முகவரிதான் அச்சாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். ஒரு தடவை உட்கார்ந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டால் அந்தக் கவலை விட்டது.

அப்புறம்தான் பிரிண்டர். காகித அளவு லெட்டர் என்று இருந்தால் ஏ4 ஆக்குங்கள். 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 சதவீதம் இருக்கட்டும். வரிசைக்கு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எட்டாவது வரிசையில் முகவரி பக்கத்து ஸ்டிக்கரில் ஏறிவிடலாம். முதலில் வெள்ளைத்தாளில் அடித்து, ஸ்டிக்கர் ஷீட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதி உரித்த ஷீட்டை லேசர் பிரிண்டரில் மறுபடி விடாதீர்கள். சூட்டில் ஓரம் கிளம்பி, ஸ்டிக்கர் உள்ளே ஒட்டிக்கொண்டால் செலவு அதிகம். இங்க்ஜெட் ஸ்டிக்கரையும் லேசரில் விடக் கூடாது. இங்க்ஜெட்டில் அடித்த முகவரி ஐப்பசி மழையில் கரையலாம். மேலே செல்லோடேப் ஒட்டிவிடுவோம்.

உரிக்கத் தொடங்கும் முன், கடைசி ஷீட்டின் கடைசி ஸ்டிக்கரையும் எக்ஸெல்லின் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள். நடுவிலும் நாலைந்து முகவரிகளைப் பின்கோடு வரை சரிபாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.