மலிவு ஸ்ட்ராட் கிற்றார் வாங்கப் போறீங்களா? கழுத்தை முதல்ல பாருங்க

ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) என்பது ஃபெண்டர் கொம்பனியின் மின்கிற்றார். அந்தக் கொம்பனியே 1982இல் ஸ்குவையர் என்ற பெயரில் மலிவுக் கிற்றார்களை இறக்கியது. கிப்சன் கொம்பனிக்கு எபிஃபோன் என்ற மலிவுப் பெயர் மாதிரி. ஸ்ட்ராட் என்றால் ஃபெண்டர், ஸ்குவையர் இரண்டிலும் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 25.5 அங்குலம்தான், விரலுக்குப் பழகிய இடைவெளி மாறாது. ஸ்குவையர் நன்றாக விற்க அதுதான் பெரிய காரணம். மீதி, கிற்றாரின் தலையில் இருக்கிற பெயர்!

விலையைக் குறைப்பது பெரும்பாலும் நட் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளக்கட்டை), டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு), சுவிட்ச், பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்). அதெல்லாம் பிறகு மாற்றலாம். முறுக்கிய கழுத்தை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட பகுதியை, மாற்றினால் கிற்றார் விலையே வந்துவிடும். அதனால் கடையிலேயே ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நீளத்துக்கும் முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் (தடித்த) கம்பியை முதல் பிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) கடைசிப் பிரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் கால் மில்லிமீற்றர் அளவு இடைவெளி போதும். கூடினால் டிரஸ் ரொட்டை (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் ஒரேயடியாக வேண்டாம்.

வறண்ட கச்சான் காற்றில் பலகை காய்ந்து சுருங்கும், பிரெட் முனைகள் கையைக் கீறும். விளிம்பில் கையை ஓட்டிப் பாருங்கள். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. வாசித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் துரு பிடிக்கும்.