லேப்டாப் கொதிக்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணி. என் பழைய லேப்டாப்பில் ஒரு எக்செல் கோப்பும் பத்துப் பன்னிரண்டு க்ரோம் டேப்களும்தான் திறந்திருந்தன. விசிறி மிக்சி ஓடுவதுபோல் இரைந்துகொண்டே இருந்தது, திடீரென்று திரை கறுத்து மெஷின் அணைந்துவிட்டது. கடையில் காட்டினேன். “மதர்போர்டு போச்சு சார், புதுசு பாத்துக்குங்க” என்றார்கள். நானும் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தம்பிதான் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அடிமூடியைக் கழற்றினான். விசிறியின் இறக்கைகள் சுத்தமாகவே இருந்தன. ஆனால் விசிறிக்கும், அது காற்றைத் தள்ளும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இடுக்கியால் இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. தூசி, முடி, துணிப் பிசிறு எல்லாம் சேர்ந்து படிந்து, கம்பளித் துணியைக் கிழித்து வைத்ததுபோல் இருந்தது. காற்று போக வழியே இல்லை. அதை எடுத்துவிட்டு, சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும், காய்ந்து பொரிந்திருந்த தெர்மல் பேஸ்ட் என்ற பசையையும் மாற்றினான். 97 டிகிரியில் நின்ற சிப் (பிராசசர்), அதே வேலைக்கு 74-க்கு வந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அன்று முதல் யார் “லேப்டாப் சூடாகுது” என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை டிகிரி என்பதுதான். பெரும்பாலோர் அளந்திருக்கவே மாட்டார்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது வெளி உறையின் சூடு, சிப்பின் சூடு அல்ல. சிப்பின் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசம். நிறுவிப் பாருங்கள். இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் 100 டிகிரியை எல்லையாக வைத்திருக்கும். ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ 85, 90 வந்தால் பதற வேண்டாம். சும்மா டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 70 காட்டினால்தான் எங்கோ கோளாறு.

எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இதுதான் பலருக்கும் தெரியாமல் பணத்தைத் தின்கிறது. ‘ஸ்லோவாகிவிட்டது’ என்று ராம் கூட்டுகிறார்கள், விண்டோஸை அழித்து மறுபடி போடுகிறார்கள். சூட்டால் வந்த மந்தம் அதனால் எல்லாம் போகாது.

அதேபோல், எடுத்தவுடன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதும் தவறுதான். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எந்த வேலையும் கொடுக்காமலே சிபியு 50, 60 சதவீதம் ஓடுகிறது என்றால் குற்றம் தூசியுடையது அல்ல. ஏதோ ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனோ, ஆன்டிவைரஸ் ஸ்கேனோ, பாதியில் நிற்கும் அப்டேட்டோ இருக்கும்.

படுக்கையிலும் தலையணையிலும் வைத்து வேலை பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு, ஆனாலும் எல்லோரும் செய்கிறோம். பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தை அதை மூடுவதோடு, பிசிறையும் உள்ளே அனுப்புகிறது. உடனே கூலிங் பேட் வாங்க ஓடாதீர்கள். உள்ளே பாதை அடைபட்டிருந்தால் வெளியே எத்தனை விசிறி வைத்தும் பெரிய மாற்றம் இருக்காது. பாதை சுத்தமாக இருந்தால், பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்தாலே நல்ல பலன் தெரியும். அறையின் சூட்டையும் கணக்கில் எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் 35 டிகிரி வரையுள்ள அறையில்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள், நம் கத்திரி வெயிலில் மாடி அறை அதைத் தாண்டிவிடும். அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். அதற்காக ஐஸ் பொட்டலம் வைப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் உண்மையாகவே மதர்போர்டு போய்விடும்.

சுத்தம் செய்யும்போதுதான் நல்ல மெஷின்கள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. ப்ளோயரால் ஊதும்போது விசிறி சுற்றாதபடி ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரில் நிலைமின்சாரம் உண்டாகும், அதைத் தள்ளி வையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஹீட் சிங்கின் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) திருகுகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். கழற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், பூட்டும்போது அந்த வரிசையில் இறுக்குங்கள். பேஸ்ட் சிப்பை முழுதாக மெல்லிசாக மூடினால் போதும். பக்கத்துச் சிப்புகளின் மேல் ரப்பர் போல ஒட்டியிருக்கும் தெர்மல் பேடைப் பிய்த்துவிட்டு, அங்கேயும் பேஸ்ட் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, அதே தடிமனில் புதுப் பேடுதான் வேண்டும். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் தடவும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கம் போகாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வாரண்டி இருந்தால், திறக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி உப்பினாலோ அது வேறு விஷயம். பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள் 80 சதவீத சார்ஜ் வரம்பை வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், மூடியை மட்டும் மூடிப் பைக்குள் போடாதீர்கள். இப்போதைய பல மெஷின்கள் முழுதாகத் தூங்குவதில்லை, பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு வேகும். ஹைபர்னேட் செய்யுங்கள், அல்லது ஷட் டவுன்.

சரி, இவ்வளவும் செய்து பார்த்தாயிற்று, புதுசு வாங்கத்தான் வேண்டும் என்றால்?

இங்கே பெரிய தவறு ‘ஐ7 என்றால் நல்லது’ என்று பெயரைப் பார்த்து வாங்குவது. பார்க்க வேண்டியது சிப் பெயரின் கடைசி எழுத்தும், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற வாட் அளவும். இன்டெலின் 12, 13-ஆம் தலைமுறைகளில் யு என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட், பி என்றால் 28, ஹெச் என்றால் 45, ஹெச்எக்ஸ் என்றால் 55. இது அடிப்படை அளவு மட்டும்தான். ஐ7-1255யு டர்போவில், அதாவது சிப் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, 55 வாட் வரை இழுக்கும், ஐ7-12700ஹெச் 115 வரை. அந்த ஹெச் சிப்பை ஒல்லியான உடம்புக்குள் அடைத்து, ஒரே விசிறியோடு விற்கும்போது சூடு எங்கே போகும்? கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே கதை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் 35 வாட்டிலிருந்து 115 வரை எந்த அளவிலும் வரலாம், பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். கணக்கு, கடிதம், வகுப்பு, சினிமா என்று மட்டும் இருப்பவருக்கு கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை.

குளிர்ச்சி மட்டும்தான் முக்கியம் என்றால், 2020-இல் ஆப்பிளின் எம்1 சிப்போடு வந்ததிலிருந்து மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையின் சிப்புகளில் பெரும்பாலானவை 17 வாட் அளவில் நிற்பவை. குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் லேப்டாப்களும் நல்லவைதான், ஆனால் பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதில் ஓடுமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மேக்குக்கும் இதே எச்சரிக்கைதான், டேலி என்ற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருக் கடையோ பெரிய ஷோரூமோ, ஏசியில் இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்து “சில்லுனு இருக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் எல்லா மெஷினும் ஜில்லென்றுதான் இருக்கும். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்சைப் பத்து நிமிடம் விடாமல் ஓடவிட்டு விசைப்பலகையின் நடுவில் கை வையுங்கள். முடியாவிட்டால் நோட்புக்செக் தளத்தின் மதிப்புரைகளைப் பாருங்கள், முழு வேலை கொடுத்து உறையின் ஒவ்வொரு பகுதியின் சூட்டையும் அளந்து போடுகிறார்கள். திருப்பியும் பாருங்கள். சூடான காற்று வலப்பக்கம் வெளியேறினால் மவுஸ் பிடிக்கும் கை நாள் முழுக்க வேகும்.

நான் புதுசு வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. பழையதை அக்கா மகளுக்குக் கொடுத்தேன். பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச பிராசசர் நிலையை 100-லிருந்து 99 ஆக்கி வைத்திருக்கிறேன். அப்படி வைத்ததும் டர்போ நின்றுவிட்டது. கொஞ்சம் வேகம் குறைவு, அவள் பாடத்துக்கு அது போதும். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகள். போன சித்திரையில் போய்ப் பார்த்தபோது 68 காட்டியது.