பவர் ஸ்டீயரிங்கில் ஏர் எடுப்பது: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் தொடங்குங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பல கார்கள், வீட்டுக்காரர்கள் கல்யாணம், முன்னோர்களுக்குச் செய்யும் படைப்பு என்று ஊருக்கு வரும்போதுதான் ஷெட்டை விட்டு வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ் விறைத்து, கிளிப் தளர்ந்து, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஹோஸோ பம்போ மாற்றினாலும் உள்ளே காற்று நிற்கும். அப்போது ஸ்டீயரிங்கை ஒடித்தால் முனகல் கேட்கும், விட்டுவிட்டு இறுகும். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

இன்ஜின் பக்கத்தில் ஸ்டீயரிங் ஆயில் டேங்க் இருக்கிற வண்டிக்குத்தான் இந்த வேலை. மின்சார ஸ்டீயரிங்கில் ஆயிலே கிடையாது.

மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ சொல்லியிருக்கும் ஆயிலையே ஒரு லிட்டர் வாங்குங்கள். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள செம்மண் புழுதியைத் துடைத்துவிடுங்கள்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். மண் தரையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் மேல் இந்த வேலையே வேண்டாம்; கல் விரிசல் விடும், ஆயில் கறையும் போகாது.

டேங்கில் குளிர்நிலைக் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். இப்போது ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று மெதுவாக 15, 20 முறை ஒடியுங்கள். இன்னொருவர் டேங்கையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். குமிழ் கிளம்பும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்ற வேண்டும். டேங்க் காலியானால் மறுபடி காற்று புகுந்து, பட்ட பாடெல்லாம் வீண்.

இங்கே அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. ஓடுகிற பம்ப் காற்றை மோர் கடைவது மாதிரி ஆயிலில் கடைந்துவிடும். சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்தால், இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். நுரை அடங்கிய பிறகு, இன்ஜினை அணைத்தபடியே மறுபடி ஒடிக்க வேண்டும்.

குமிழ் நின்றதும் வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் ஐந்தாறு முறை ஒடியுங்கள். இடது கடைசியிலோ வலது கடைசியிலோ 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அழுத்தம் உச்சத்துக்குப் போய் பம்ப் சூடேறும். அணைத்ததும் மட்டத்தைப் பாருங்கள். சட்டென்று ஏறினால் இன்னும் காற்று இருக்கிறது.

இரண்டு முறை செய்தும் முனகல் போகவில்லையா? டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் ஒரு சொட்டு கசியாமலே காற்றை இழுக்கும். கிளிப்பை இறுக்குங்கள், ஹோஸ் நுனி கல் மாதிரி இருந்தால் மாற்றிவிட்டு, முதலிலிருந்து ஏர் எடுங்கள்.