கல்லூரி ஃபுட்பாலுக்குத் தலைமைப் பயிற்சியாளரை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம் அது. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மைதானத்தில் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுவிடுகிறது. பல மாநிலங்களில் அரசு ஊழியர் பட்டியலிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் இந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்தான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் அவகாசம் சில சமயம் ஒரு வாரம்கூடக் கிடையாது. பள்ளி வீரர்கள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பயிற்சியாளர் இல்லாத அணிக்கு யார் வருவார்கள்?

இந்த அவசரம்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம். 2010 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு டென்னசி பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பினார். மூன்றே நாளில் டெரெக் டூலியை எடுத்தார்கள். லூசியானா டெக் அணியில் டூலியின் கணக்கு 17 வெற்றி, 20 தோல்வி. டென்னசியில் அது 15-21 ஆனது. விளையாட்டுத் துறை இயக்குநர் ஒருவர் தன் பயிற்சியாளர் நன்றாக இருக்கும்போதே ஐந்தாறு பேரைக் கவனித்து வைத்திருக்க வேண்டும். பதவி காலியான பிறகு தேட ஆரம்பித்தால், அந்த வாரத்தில் யார் கிடைக்கிறாரோ அவர்தான் கிடைப்பார்.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது. அதில் முதலில் எதைப் பார்ப்பது? எல்லாரும் வெற்றி-தோல்விக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் அந்தக் கணக்கில் இந்த மனிதர் செய்தது எவ்வளவு, அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

கர்ட் சிக்னெட்டியை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் இறுதியில் இண்டியானா அவரை எடுத்தபோது அவருக்கு 62 வயது. ஜேம்ஸ் மேடிசன் அணியில் ஐந்து ஆண்டில் 52-9. பிரமாதமான கணக்குதான். ஆனால் அவருக்கு முன்பே அந்த அணி பலமாக இருந்தது. 2016-இல் தன் பிரிவில் தேசியப் பட்டமே வென்றிருந்தது. அதனால் அந்த 52 வெற்றிகளைவிட, அதற்கு முன் ஈலான் என்ற சிறிய கல்லூரியில் நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 2016-இல் 2-9 என்று கிடந்த ஈலான், அவர் வந்த முதல் ஆண்டிலேயே 8-4 ஆனது. விழுந்து கிடந்த அணியை ஒரே ஆண்டில் தூக்கி நிறுத்தியது யாருடைய வேலை என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. அதற்கும் முன்னால், அலபாமாவில் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர். 2023-இல் 3-9 ஆக இருந்த இண்டியானா, 2024-இல் 11-2. அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுவரை அத்தனை வெற்றி வந்ததில்லை. அடுத்த பருவத்தில் தேசியப் பட்டமும் வந்தது.

கணக்கு மறுபக்கமும் ஏமாற்றும். அயோவா ஸ்டேட்டில் 5-19 வைத்திருந்த ஜீன் சிசிக்கை 2008-இல் ஆபர்ன் எடுத்தபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டே ஆண்டில் 14-0, தேசியப் பட்டம். அப்படியென்றால் ரசிகர்கள் சொன்னது தப்பா? 2012-இல் அதே சிசிக் 3-9 என முடித்து வேலையை இழந்தார். நடுவில் வந்து போனவர் கேம் நியூட்டன். அப்படி ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஓர் ஆண்டு கிடைத்துவிட்டால், பயிற்சியாளரின் குறை எதுவும் அந்த ஆண்டு வெளியே தெரியாது.

இப்போது நெப்ராஸ்காவுக்கு வருகிறேன். ஆள் எடுப்பதில் என்னென்ன தவறு நடக்கலாம் என்று படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2003 பருவத்தின் முடிவில், 9-3 என்று இருந்த ஃபிராங்க் சோலிச்சை நீக்கினார்கள். மொத்தம் ஆறு ஆண்டில் 58-19. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை கொண்டுபோனவர். ஒரு மாதத்துக்கு மேல் தேடி, ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்த பில் கலஹனை அழைத்து வந்தார்கள். தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை போனவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. கல்லூரி அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

நெப்ராஸ்காவின் பலம் எதில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முழு மாநிலத்திலும் சுமார் இருபது லட்சம் பேர்தான். உள்ளூரில் திறமையான வீரர்கள் குவிந்து கிடக்கும் டெக்சாஸோ ஃபுளோரிடாவோ அல்ல அது. அதனால் சோலிச்சுக்கு முன்பு பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்ட முறை. அதற்கேற்ற தடித்த, உரமான முன்வரிசை. உதவித்தொகை இல்லாமலே வந்து சேரும் பண்ணை வீட்டுப் பையன்கள். அவர்களை மூன்று நான்கு ஆண்டு உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்து எடுப்பது. 1994, 1995, 1997 பட்டங்கள் இப்படித்தான் வந்தன. இந்த முறைக்கென்று சேர்க்கப்பட்ட வீரர்களிடம் கலஹன் தொழில்முறைப் பாணியில் பந்தை எறியும் ஆட்டத்தைக் கொடுத்தார். முதல் ஆண்டே 5-6. 1961-க்குப் பிறகு அங்கே தோல்வி மிகுந்த முதல் பருவம் அது. 2007-இல் கான்சஸிடம் 76-39 என்று தோற்று, அந்தப் பருவத்தோடு அவரும் போனார். நீக்கப்பட்ட சோலிச் என்ன ஆனார்? ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 115 ஆட்டங்கள் வென்றார்.

போனவருக்கு நேர் எதிரானவரைத் தேடுவது இந்த வேலையில் மிகப் பழைய பழக்கம். பழையவர் மெதுவானவர் என்றால் புதியவர் வேகமானவராக இருக்க வேண்டும். பழையவர் கறார் என்றால் புதியவர் சிரித்த முகம். போனவரின் குறை மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் சத்தமில்லாமல் சரியாகச் செய்துகொண்டிருந்த பத்து விஷயங்கள் யாருக்கும் நினைவு வராது. நீக்குவதற்கு முன்பே அந்தப் பத்தையும் எழுதி வைத்து, புதியவரால் அவற்றையும் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும்.

அதே நெப்ராஸ்கா 2017 டிசம்பரில் செய்தது வேறு வகைத் தவறு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஸ்காட் ஃபிராஸ்ட் மண்ணின் மைந்தர். 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை 2017-இல் 13-0 ஆக்கியவர். நாட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபம் இல்லாததால் கேள்வியும் கேட்கவில்லை. மத்திய ஃபுளோரிடாவில் அவர் இருந்தது இரண்டே பருவம். கடினமான பெரிய பிரிவில், வாரா வாரம் நெருக்கமான ஆட்டம் வந்தால் எப்படி முடிவெடுப்பார் என்பதற்குச் சான்று குறைவு. 2021-இல் நெப்ராஸ்கா தோற்ற ஒன்பது ஆட்டமும் ஒற்றை இலக்க வித்தியாசம். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில், பந்தை உதைத்துக் கொடுத்தபோது நெப்ராஸ்கா வீரர்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓட, பந்து மறுபக்கம் உதைக்கப்பட்டது. எதிரணியில் பந்தைப் பிடித்தவர் நேராகப் போய்க் கோட்டைத் தொட்டார். 2022-இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 முன்னிலை. அந்த நேரத்தில், பந்தைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று குட்டையாக உதைக்கச் சொன்னார் ஃபிராஸ்ட். பந்து எதிரணிக்குப் போய், ஆட்டம் 31-28 என்று கைமாறியது. ஊர்க்காரர் என்ற பாசம் வரவேற்புக்கு உதவும், நான்காவது கால்பகுதிக்கு உதவாது. மொத்தம் 16-31.

அப்புறம், தலைமைப் பயிற்சியாளரை மட்டும் பேட்டி கண்டுவிட்டு அவருடைய உதவியாளர்களை விட்டுவிடுவது. எட் ஆர்ஜெரான் 2019-இல் எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 15-0 ஆக்கினார். அந்த ஆண்டு தாக்குதல் திட்டத்தில் பெரிய பங்கு வகித்தவர் ஜோ பிரேடி, தடுப்பைக் கவனித்தவர் டேவ் அராண்டா. இருவரும் கிளம்பினார்கள், குவார்ட்டர்பேக் ஜோ பரோவும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். மறு ஆண்டு 5-5. சிக்னெட்டியோ தாக்குதலையும் தடுப்பையும் கவனிக்கும் தன் இரு ஒருங்கிணைப்பாளர்களையும், ஜேம்ஸ் மேடிசன் வீரர்கள் 13 பேரையும் கூடவே அழைத்து வந்தார். வீரர்கள் சுலபமாக அணி மாறும் இந்தக் காலத்தில் “உங்களோடு யார் வருவார்கள், பெயர் சொல்லுங்கள்” என்ற கேள்விக்கு வரும் பதில், ஒரு மணி நேர விளக்கப் படங்களைவிட அதிகம் சொல்லும்.

சுயவிவரத்தைச் சரிபார்ப்பது சின்ன வேலைதான். 2001 டிசம்பரில் நோட்ர டாம் அதைச் செய்யவில்லை. ஜார்ஜ் ஓ’லியரி ஐந்து நாளில் ராஜினாமா செய்தார். அவர் போட்டிருந்த முதுகலைப் பட்டமும் இல்லை, நியூ ஹாம்ப்ஷயரில் ஃபுட்பால் ஆடிய வரலாறும் இல்லை. அவருடைய அந்தக் கால ஆட்டத்தைப் பற்றி எழுத, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் பழைய அணித் தோழர்களைக் கூப்பிட்டபோது விஷயம் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய தொலைபேசி அழைப்பு அது.

யாரிடம் விசாரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வேட்பாளர் கொடுக்கும் மூன்று பேர் நல்லதைத்தான் சொல்வார்கள். அவரிடம் ஆட இடம் கிடைக்காமல் பெஞ்சில் இருந்த முன்னாள் வீரரையும், அவர் வீரர் தேடி வந்துபோன பள்ளிகளின் பயிற்சியாளர்களையும் கேட்டால், மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

கடைசியாகப் பணம். நல்ல ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் ஒப்பந்தத்தில் கையை விரித்துவிடுகிறார்கள். ஃபிராஸ்டின் முதல் ஆண்டு 4-8. அப்படியிருந்தும் 2019 நவம்பரில் அவருக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் நீக்கியபோது சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகியிருக்கும். ஜிம்போ ஃபிஷர் கதை இன்னும் பெரியது. 2017 பருவத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டை 5-6 என்ற நிலையில் விட்டு வந்தவருக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பத்து ஆண்டு, 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தது. 2021-இல் மறுபடி நீட்டித்தது. 2023 நவம்பரில் 45-25 என்ற கணக்கோடு நீக்கியபோது பாக்கி 7.6 கோடி டாலருக்கு மேல். வேறு இடத்தில் வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தை இதில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியைக்கூட அந்த ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கவில்லை.