தெர்மாக்கோல் கதாயுதத்திற்கு ரெசின் பூசும் முறை

நாடக மேடைக்காகத் தெர்மாக்கோலில் செதுக்கும் கதாயுதம் பார்வைக்குக் கனமாகத் தெரிந்தாலும், இரண்டு ஒத்திகை முடிவதற்குள் மணிமணியாக உதிரத் தொடங்கிவிடும். மேலே ரெசின் என்னும், இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவத்தைப் பூசினால் ஓடு போன்ற கெட்டியான பரப்பு கிடைக்கும். ஆனால் எந்த ரெசின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபைபர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருப்பதால், அது பட்ட இடமெல்லாம் தெர்மாக்கோல் கரைந்துவிடும். நான் முதலில் செய்த கதாயுதத்தின் தலை அப்படித்தான் கண்ணெதிரே குழிந்துபோய், கைப்பிடிக் குழாய் மட்டும் மிஞ்சியது. எபாக்சி ரெசின் தெர்மாக்கோலைக் கரைப்பதில்லை என்பதால், விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும்.

செதுக்கிய உருவை 120 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டவும். தெர்மாக்கோல் மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் ரெசினைக் குடித்து வீணாக்காமல் இந்தத் தாள் தடுக்கும். ஈரம் சிறிது மிஞ்சினாலும் பூச்சு சரியாகப் பிடிக்காது; ஆகவே ஒரு நாளும், மழைக்காலமானால் இரண்டு நாளும் உலரவிடுவது நல்லது.

ரெசினுக்கும் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னருக்குமான விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், டப்பாவில் சொல்லியிருப்பது எடைக்கணக்கா அளவுக்கணக்கா என்று பார்த்து, அதன்படியே எடுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுவோர் பலர். அப்படிச் செய்தால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடக்கூடும். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து மூன்று நிமிடம் கலக்கவும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், ஏனெனில் ஆழமான கிண்ணத்தில் தேங்கிய கலவை தானே சூடேறி, நம் ஊர் வெயிலில் பூசி முடிப்பதற்குள் கல்லாகிவிடும். அகன்ற தட்டில் பரப்பி வைத்தால் சற்று நேரம் தாங்கும். நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யவும். கையில் பட்டால் தின்னரைத் தொடாமல் சோப்பால் கழுவவும்.

தூரிகையால் மெல்லிய பூச்சாகத் தடவி, வழிந்து சொட்டாதபடி கைப்பிடியைப் பிடித்து அவ்வப்போது திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். விரலை வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது: இரண்டாம் பூச்சுக்கு அதுவே பதம். அந்தப் பதம் தவறி இறுகிவிட்டால், மேற்பரப்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்ததைப் பூசலாம்.

முற்றிலும் இறுகியபின் 220, 400 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஊசித்துளைகளைத் தேடவும். தங்க நிற ஸ்பிரே பெயின்டிலும் கரைப்பான் உண்டு. அடைபடாத ஒரு துளை வழியாக அது இறங்கினாலும் ஓட்டுக்கு உள்ளே தெர்மாக்கோல் பள்ளமாகிவிடும். அத்தகைய துளைகள் தென்பட்டால் சிறிது எபாக்சியைத் தொட்டு வைத்து, அது இறுகிய பிறகே வண்ணம் பூச வேண்டும்.