காலையில் ட்ரோன், 11 மணிக்கு மேல் கணக்கு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் உள்ள 14 சின்ன நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி ஆலோசனை பார்க்கிறேன். பம்பு உதிரிபாகம் செய்கிறவர்கள், தென்னை நார் மில்காரர்கள். போன வருடம் 10 லிட்டர் மருந்து டேங்க் உள்ள ட்ரோன் ஒன்று வாங்கி, நெல் வயலுக்கு மருந்து தெளிக்கும் வேலையையும் தொடங்கினேன். இரண்டையும் ஒன்றாக நடத்த நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பிரியுங்கள். அதைக் காற்றுதான் பிரித்துத் தரும். பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறோம். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கேயிருந்து அடிக்கும். எங்கள் பக்கம் பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும். அதனால் 6 மணிக்கு முதல் டேங்க் மேலே போய்விட வேண்டும். வரப்புத் தென்னையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கீற்று நுனி அசைந்தால் பரவாயில்லை, மட்டையே ஆட ஆரம்பித்தால் இறக்கிவிடுங்கள். பக்கத்து வயலில் போய் விழும் மருந்துக்கு நாம்தான் பொறுப்பு.

ஒரு டேங்க் சுமார் ஒரு ஏக்கருக்கு வரும். பறப்பது பத்து நிமிடத்துக்குள்தான். ஆனால் மருந்து கலக்குவது, பேட்டரி மாற்றுவது, வயல் விட்டு வயல் போவது எல்லாம் சேர்த்தால் என்னால் ஒரு காலையில் 12 ஏக்கருக்கு மேல் முடியாது. அதற்கு மேல் ஒப்புக்கொள்வதும் இல்லை. 9.30க்கு முடித்து, டேங்கையும் நாசிலையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, குளித்துச் சாப்பிட்டு 11 மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவேன். 11க்கு முன் கூப்பிட வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நேரத்தைவிடத் தேதிதான் கஷ்டம். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டன் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, வரிக் கணக்கு முடித்துக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. அதனால் 9 முதல் 11 வரை, 18 முதல் 20 வரை தெளிப்பு கிடையாது என்று காலண்டரில் சிவப்பு மையால் கட்டம் போட்டேன். முதல் போகத்திலேயே அது உடைந்தது. 18ஆம் தேதி காலை ஒரு பெரியவர் இலைச்சுருட்டுப் புழு விழுந்த நெல் தாளைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அம்மிணி, புழு தின்னுட்டு இருக்குது, இருபதாந்தேதி முடியட்டும்னா எப்படி?" அவர் கேட்டது நியாயம். அன்றைக்கு வயலுக்குத்தான் போனேன். ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து கணக்கு முடித்தேன்.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தேன். விற்பனை பில் எல்லாம் 5ஆம் தேதிக்குள் வர வேண்டும், வராதவர்கள் வேலை கடைசியில்தான் நடக்கும் என்பது ஒன்று. என் கொழுந்தனாரையும் பைலட் ஆக்கியது இன்னொன்று. 10ஆம் வகுப்பு தேறி, 18 வயது நிறைந்தவர்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். அது 10 வருடம் செல்லும். சான்றிதழ் இல்லாத யார் கையிலும், அவசரம் என்றாலும், ரிமோட்டைக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம்.

பேட்டரி விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். மறுநாள் வேலைக்கென்று நான்கு செட்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றி வைத்தேன். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. அதோடு ரிட்டன் வேலை வந்து ஆறு நாள் பேட்டரிப் பக்கமே போகவில்லை. எடுத்துப் பார்த்தால் இரண்டு செட் உப்பியிருந்தன. லித்தியம் பாலிமர் பேட்டரியை நிறைந்த சார்ஜில் கிடப்பில் போடக் கூடாது. மேஜை வேலை வாரம் தொடங்கும் முன் சார்ஜரில் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடுங்கள். காலண்டரில் இப்போது 17ஆம் தேதிக்கு நேரே 'பேட்டரி' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

வேலை பிடிக்க வீடு வீடாகப் போக வேண்டாம். பாடசேகர சமிதி என்கிற நெல் விவசாயிகள் குழுவின் செயலாளரைப் பாருங்கள். ஒரே தொகுப்பாகப் பத்து ஏக்கர் கிடைத்தால் அலைச்சல் பாதியாகும். மருந்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், விவசாயியையே கிருஷி பவனில், அதாவது ஊர் வேளாண் அலுவலகத்தில், கேட்டு வரச் சொல்லுங்கள். முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்ததால் வந்த துயரம் இந்த மாநிலத்துக்கு மறக்கவில்லை. பயந்து கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வரப்பெல்லாம் கள்ளுத் தென்னை. மரம் ஏறுகிறவர் இறங்கி, பானைகள் இருக்கும் மரங்களைக் காட்டிய பிறகுதான் நான் ட்ரோனைக் கிளப்புவேன். அந்த ஓரத்தை விட்டுவிட்டுத்தான் தெளிப்பேன்.

பணக் கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, ஆலோசனைக்கு 18 சதவீதம். விலக்குத்தானே என்று தெளிப்பு வரவை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுக்கான வருடம் 20 லட்ச ரூபாய் வரம்பில் விலக்கு வரவும் சேரும். ஆலோசனையில் 13 லட்சம், தெளிப்பில் 8 லட்சம் வந்தால் 21 லட்சம். பதிவு செய்தே ஆக வேண்டும். தெளிப்புக்கு மட்டும் ஓடும் ட்ரோனுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்கவும் முடியாது. அடுத்தவர் வயலில் தெளித்த கூலி வருமான வரியில் விவசாய வருமானமும் ஆகாது. இரண்டு தொழிலுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைத்தால் இதெல்லாம் எளிது.

ஜூலையில் முதல் போகத் தெளிப்பும் வருமான வரித் தாக்கலும் ஒன்றாக வந்து விழும். அந்த மாதம் புது வாடிக்கையாளர் யாரையும் எடுப்பதில்லை. வயல் காய்ந்து கிடக்கும் ஏப்ரலில் வாருங்கள், வருடத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறேன்.